பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அட்டெண்டன்ஸ்



முதலில் நல்ல செய்தி. எங்கள் வீட்டுக்காரர் இப்போது நன்றாக இருக்கிறார். காலையில் மாடம்பாக்கம் ஏரிப் பக்கம் மெதுவாக நடக்கவும் ஆரம்பித்துவிட்டார். போனில் விசாரித்தவர்களுக்கும், ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்தும் சேலையூரிலிருந்தும் நேரில் வந்து பார்த்தவர்களுக்கும் நன்றி. ஹார்லிக்ஸ் பாட்டில் மட்டும் இனி யாரும் வாங்கி வராதீர்கள். அவருக்குச் சர்க்கரை.

இந்தப் பதிவு அவர் உடம்பைப் பற்றியது அல்ல. அன்று இரவு என் கையில் இருந்த போனைப் பற்றியது. கொஞ்சம் நீளம்தான். ஒரு வருஷம் முழுக்க வகுப்பில் என்னைப் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள், இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

போன பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த என் மகன், பீரோவில் இருந்த என் நோட்டைப் பார்த்துவிட்டான். பேங்க், மின்கட்டணம், கேஸ், ரயில் டிக்கெட், பென்ஷன் எல்லாவற்றின் பாஸ்வேர்டும் அதில் வரிசையாக எழுதியிருந்தேன். தலைப்புக்குச் சிவப்பு மை, அடிக்கோடு ஸ்கேல் வைத்து. "ஏம்மா, திருடனுக்கு நோட்ஸ் எடுத்துக் கொடுக்கிறியா?" என்று கேட்டான். கேள்வி நியாயமானது. அன்று மாலையே என் போன், டேப்லெட், லேப்டாப் மூன்றிலும் பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பாஸ்வேர்டு மேனேஜர் என்பது ஒரு பீரோ. நம்முடைய எல்லாப் பாஸ்வேர்டும் அதற்குள் இருக்கும். பீரோவுக்கு ஒரே சாவி. அதை மாஸ்டர் பாஸ்வேர்டு என்கிறார்கள். அது ஒன்றை மட்டும் நாம் நினைவில் வைத்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு இடத்துக்கும் வேறு வேறு பாஸ்வேர்டாக, யாராலும் ஊகிக்க முடியாததாக அதுவே உண்டாக்கித் தரும். யோசனை மிக நல்லது. எல்லாவற்றுக்கும் பேரன் பெயரையும் 123ஐயும் போடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். மகன் சொன்னபடி ஆதார், மருத்துவக் காப்பீட்டு அட்டை, அவருடைய மருந்துப் பட்டியல் எல்லாவற்றையும் படம் எடுத்து அதற்குள்ளேயே வைத்தேன்.

அன்று இரவு பதினொன்றே முக்கால் இருக்கும். தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். உடம்பெல்லாம் வியர்வை. பேச்சு குழறியது. பக்கத்து வீட்டுத் தம்பி காரை எடுத்தான். கேம்ப் ரோடு வழியாகத் தாம்பரம் பக்கம் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது. உடனே உள்ளே கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சிகிச்சையில் எந்தக் குறையும் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும்.

வெளியே கவுண்டரில் இருந்த பெண் காப்பீட்டு அட்டை எண்ணைக் கேட்டாள். உள்ளேயிருந்து வந்த டாக்டர் என்னென்ன மாத்திரை, என்ன அளவு என்று கேட்டார். "எல்லாம் போனில் இருக்கு" என்று பெருமையாகச் சொல்லி எடுத்தேன். விரல் வைத்தேன். ஏற்கவில்லை. அன்று சாயங்காலம் போன் தானாக அப்டேட் ஆகி, அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது. அதனால் விரல் செல்லாதாம், மாஸ்டர் பாஸ்வேர்டு வேண்டுமாம். என் மாஸ்டர் பாஸ்வேர்டு நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதியது, நடுவில் ஒரு பெரிய எழுத்து, கடைசியில் ஒரு எண். படிக்கிற கண்ணாடி வீட்டில் மேஜை மேல். கை நடுங்குகிறது. தட்டத் தட்டத் திரையில் புள்ளி புள்ளியாக விழுகிறதே தவிர, எந்த எழுத்து என்று தெரியவில்லை. தவறு. மறுபடி தவறு. மறுபடியும் தவறு. மகனைக் கூப்பிட்டேன், அவன் போன் சைலண்டில்.

முன்பணம் கட்டினோம். மாத்திரைகளின் நிறத்தையும் அளவையும் வைத்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். விடிந்த பிறகு பக்கத்து வீட்டுத் தம்பி எங்கள் வீட்டுக்குப் போய், சுவரில் மாட்டியிருந்த மஞ்சள் பையிலிருந்து பழைய ஜெராக்ஸ் காகிதங்களைக் கொண்டுவந்தான். வேலை முடிந்தது. பெரிய நஷ்டம் என்று ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த இருபது நிமிஷத்தில் அவர் உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து புள்ளிகளோடு போராடிக்கொண்டிருந்தேன். ஒரு நர்ஸ் பெண்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா வெளியதான் இருக்காங்க தாத்தா" என்று சொன்னாளாம். மறுநாள் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

வீட்டுக்கு வந்ததும், ஆசிரியர் புத்தி, ஒரு நாள் முழுக்கக் கணக்கு எடுத்தேன். காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து வரை அந்தப் பீரோ எத்தனை முறை பூட்டிக்கொண்டு என்னை யார் என்று கேட்கிறது? போனில் 6, டேப்லெட்டில் 3, லேப்டாப்பில் 5. ஆக 14 முறை. குக்கர் விசில் வந்து அடுப்படிக்குப் போய்த் திரும்பினால் பூட்டு. பிரவுசரை மூடித் திறந்தால் பூட்டு. மின்கட்டணம் பாதி கட்டியிருப்பேன், ஓ.டி.பி. பார்க்கப் போனை எடுத்தால் அங்கே ஒரு பூட்டு, திரும்பினால் இங்கே ஒரு பூட்டு.

அடுத்த ஞாயிறு என் பழைய மாணவி ஒருத்தி பார்க்க வந்தாள். ஐந்தாம் வகுப்பில் முதல் பெஞ்ச், இப்போது சாப்ட்வேர் வேலை. அவளிடம் கணக்கு நோட்டைக் காட்டினேன். சிரித்துவிட்டு, "டீச்சர், நீங்க ஒரு பீரோன்னு நினைக்கிறீங்க. உங்ககிட்ட மூணு இருக்கு" என்றாள்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். உள்ளே இருக்கும் பாஸ்வேர்டுகள் மூன்று கருவியிலும் ஒன்றுதான். ஒன்றில் மாற்றினால் மற்றவற்றிலும் மாறிவிடும். ஆனால் எவ்வளவு நேரத்தில் பூட்ட வேண்டும் என்ற ஏற்பாடு ஒவ்வொரு கருவிக்கும் தனி. போனில் மாற்றினால் லேப்டாப்புக்குத் தெரியாது. மகன் போனில் மட்டும் சரிசெய்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறான். மற்ற இரண்டும் கம்பெனி வைத்தபடியே இருந்தன.

விரல் ஏன் செல்லவில்லை என்றும் சொன்னாள். உள்ளே இருப்பதெல்லாம் குறியாக்கம் செய்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் திறக்கும் சாவி, மாஸ்டர் பாஸ்வேர்டிலிருந்துதான் பிறக்கிறது. விரல் ரேகை சாவி அல்ல. ஏற்கெனவே போனுக்குள் இருக்கும் சாவியை எடுத்துத் தரச் சொல்லும் அடையாளம் மட்டும்தான். என் செயலியில் இருந்த ஏற்பாட்டின்படி போன் அணைந்து எழுந்தால் அந்தச் சாவி அழிந்துவிடும், அப்போது விரலுக்கு வேலை இல்லை. இதில் அர்த்தம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொங்கலன்று இதை யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், காப்பீட்டு அட்டையை அந்த ஒரு பீரோவுக்குள் மட்டும் வைத்திருப்பேனா?

இனி என் கருத்து. வகுப்பறையிலிருந்தே சொல்கிறேன்.

பள்ளியில் அட்டெண்டன்ஸ் ஒரு நாளைக்கு எத்தனை முறை எடுப்போம்? காலையில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. ஒரு டீச்சர் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அட்டெண்டன்ஸ் எடுத்தால் என்ன ஆகும்? பாடம் நடக்காது. அதைவிட மோசம், பிள்ளைகள் நிமிர்ந்தே பார்க்காமல் "உள்ளேன் டீச்சர்" சொல்லப் பழகிவிடுவார்கள். பக்கத்தில் இல்லாதவனுக்கும் சேர்த்துச் சொல்வார்கள். அந்த ரிஜிஸ்டரில் எல்லோரும் வந்திருப்பார்கள், வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். அடிக்கடி கேட்பதால் மட்டும் கண்காணிப்பு வந்துவிடாது.

எனக்கும் அதுதான் நடந்தது. மூன்று தப்பு செய்தேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

முதல் தப்பு. மாஸ்டர் பாஸ்வேர்டை தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் பென்சிலில் எழுதி வைத்தேன். வீட்டுக்கு வருகிற எல்லோரும் நல்ல நாள் பார்க்கத் தூக்கிப் பார்க்கும் காலண்டர் அது!

இரண்டாவது தப்பு. நாளுக்கு 14 முறை தட்ட முடியாமல், நான்கு சொல்லை ஒரு சொல்லாக்கிச் சின்னதாக மாற்றிவிட்டேன். இது எவ்வளவு பெரிய தப்பு என்று என் மாணவி சொல்லித்தான் தெரிந்தது. லாஸ்ட்பாஸ் என்ற பெரிய பாஸ்வேர்டு மேனேஜர் கம்பெனியில் 2022ஆம் ஆண்டு திருட்டு நடந்தது. வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களின் நகலையே தூக்கிக்கொண்டு போனார்கள் என்று அந்த டிசம்பரில் கம்பெனியே அறிவித்தது. பெட்டகம் திருடன் வீட்டுக்கே போய்விட்ட பிறகு, நம் போன் பத்து நிமிஷத்தில் பூட்டுமா, பத்து மணி நேரத்தில் பூட்டுமா என்பதற்கு என்ன மதிப்பு? அங்கே நம்மைக் காப்பாற்றுவது மாஸ்டர் பாஸ்வேர்டின் நீளமும் வலுவும் மட்டும்தான். அடிக்கடி கேட்கும் பூட்டோ அந்த நீளத்தைத்தான் என்னைக் கொண்டு வெட்ட வைத்தது.

மூன்றாவதுதான் எனக்கு உண்மையில் பயமாக இருக்கிறது. ஒரு கட்டத்தில் கேட்பது யார் என்று பார்ப்பதையே விட்டுவிட்டேன். திரையில் ஒரு கட்டம் வந்து பாஸ்வேர்டு கேட்டால் கை தானாகத் தட்டுகிறது. பதினான்கு முறை உண்மையான பீரோ கேட்டு, பதினைந்தாவது முறை ஒரு திருட்டுப் பக்கம் அதே மாதிரி கட்டம் போட்டுக் கேட்டால் எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது. எங்கள் வயதுக்காரர்களைக் குறிவைத்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் எச்சரிக்கும் அளவுக்கு அது பெருகியிருந்தது. அந்தத் திருடர்கள் நம்பியிருப்பது பூட்டின் பலவீனத்தை அல்ல. கேட்டதும் கொடுத்துவிடும் நம் களைப்பையும் பதற்றத்தையும்தான்.

இதெல்லாம் கிழவி புலம்பல் என்று நினைக்காதீர்கள். பெரியவர்களே ஒப்புக்கொண்ட விஷயம் இது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், பலர் பகிர்ந்துகொள்ளும் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டைக் கொண்டுவந்தவர் பெர்னாண்டோ கோர்பட்டோ. 2019இல் காலமானார். 2014இல் ஒரு பேட்டியில், பாஸ்வேர்டு விவகாரம் ஒரு கெட்ட கனவு மாதிரி ஆகிவிட்டது என்ற பொருளில் பேசினார். தன்னுடைய பாஸ்வேர்டுகளை மூன்று பக்கம் தட்டச்சு செய்து வைத்திருந்தாராம். என் சிவப்பு மை நோட்டுக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டுமா?

இன்னொருவர் பில் பர். பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலக்க வேண்டும், அடிக்கடி மாற்ற வேண்டும் என்ற அறிவுரை 2003இல் அவர் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டுக்கு எழுதிய கையேட்டிலிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது. ஓய்வு பெற்ற பிறகு 2017இல், தான் எழுதியதில் பலவற்றுக்கு வருந்துவதாகச் சொன்னார். ஏன்? மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணை 1லிருந்து 2 ஆக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதே 2017இல் நிஸ்ட் தன் கையேட்டைத் திருத்தியது. காரணமில்லாமல் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்ல வேண்டாம் என்றது. இணையச் சேவைகளில் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை ஆளைத் திரும்பச் சரிபார்ப்பது என்பதற்கும் ஒரே அளவு வைக்கவில்லை. சாதாரண நிலைக்கு 30 நாள். அடுத்த நிலைக்கு 12 மணி நேரம், அல்லது 30 நிமிஷம் சும்மா இருந்தால். அதற்கும் மேலான நிலைக்கு 12 மணி நேரம், அல்லது 15 நிமிஷம். இடத்துக்கு ஏற்ற பூட்டு, அவ்வளவுதான். நம் வீட்டில் கேட்டுக்குக் கொக்கி, வாசல் கதவுக்குப் பூட்டு, பீரோவின் உள் லாக்கருக்குத் தனிச் சாவி என்று நம் பாட்டிகள் வைத்த ஏற்பாடும் அதுதான்.

என் மகன் பக்கமும் நியாயம் உண்டு. "பீச் ஸ்டேஷன் போற ரயில்ல போனைப் பிடுங்கிட்டுப் போனா என்னம்மா பண்ணுவே?" என்றான். சரிதான். வெளியே எடுத்துப் போகும் போன் சீக்கிரம் பூட்டத்தான் வேண்டும். ஆனால் வீட்டை விட்டு நகராத லேப்டாப்பும் அதே வேகத்தில் ஏன் பூட்ட வேண்டும்? எங்கள் இருவரைத் தவிர அங்கே இருப்பது ஒரு பூனை. அதற்கு நெட்பேங்கிங் தெரியாது.

அந்த ஞாயிறு நானும் என் மாணவியும் சேர்ந்து செய்தவை இவை. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் உதவும்.

1. மூன்று கருவியிலும் தனித்தனியாகப் போய் நேரத்தை மாற்றினோம். போன் சீக்கிரம் பூட்டும், விரல் வைத்தால் திறக்கும். வீட்டு லேப்டாப் நான்கு மணி நேரம் பொறுக்கும்.

2. நேரம் முடிந்தால் 'பூட்டு' என்று வைத்தோம், 'வெளியேறு' என்று அல்ல. இரண்டும் வேறு. வெளியேறினால் மின்னஞ்சலிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தட்ட வேண்டும்.

3. மாஸ்டர் பாஸ்வேர்டை மறுபடி நீளமாக்கினேன். எழுதிய தாள் ஒன்று உறையில் போட்டு பீரோ லாக்கரில் நகையோடு இருக்கிறது. காலண்டர் அட்டையைக் கிழித்துப் போட்டாயிற்று.

4. காப்பீட்டு அட்டை, மருந்துப் பட்டியல் இரண்டும் காகிதத்தில் மஞ்சள் பையிலும் என் கைப்பையிலும் இருக்கின்றன. அவசரத்துக்கு வேண்டியது பூட்டுக்குள் மட்டும் இருக்கக் கூடாது.

5. சில செயலிகளில் அவசர அனுமதி என்று ஒன்று இருக்கிறது. நம்பிக்கையான ஒருவரைக் குறித்து வைக்கலாம். அவர் கேட்டு, நாம் வைத்த கெடுவுக்குள் மறுக்காவிட்டால் அவருக்குத் திறக்கும். மருமகள் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அவள் போன் சைலண்டில் இருப்பதில்லை!

பதினான்கு இப்போது நான்காகிவிட்டது. கேட்கும்போது யார் கேட்கிறார்கள் என்று கண்ணாடி போட்டுப் பார்க்கிறேன்.

கடைசியாக இரண்டு பேருக்கு இரண்டு வார்த்தை.

சாப்ட்வேர் துறையில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு: இந்த வேலை எங்கேயோ அமெரிக்காவில் மட்டும் நடப்பதல்ல. நம் ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரியைத் தாண்டினால் வரும் ஜோஹோவிலேயே வால்ட் என்று ஒரு பாஸ்வேர்டு மேனேஜர் தயாராகிறது. நான் வைத்திருப்பது அது அல்ல. ஆனால் எந்தக் கம்பெனியில் இருந்தாலும், உங்களில் யாராவது அந்த மேஜைகளில் உட்கார்ந்திருக்கலாம். முதல்முறை போடும்போதே "இந்தக் கருவி வீட்டிலேயே இருக்குமா, வெளியே போகுமா?" என்று ஒரு கேள்வி கேட்டு, அதற்கு ஏற்ப நேரம் வையுங்கள். ஒரு கருவியில் மாற்றினால், மற்றவற்றிலும் மாற்றட்டுமா என்று கேளுங்கள். பூட்டுவதற்கான காரணத்தை நல்ல தமிழில் ஒரு வரி போடுங்கள். தட்டும் எழுத்தைக் காட்டும் கண் பொத்தானைக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள். அன்றிரவு அது ஓரத்தில் இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு: அப்பா அம்மா போனில் ஏதாவது போட்டுக் கொடுத்துவிட்டு உடனே விமானம் ஏறாதீர்கள். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். போனை ஒருமுறை அணைத்து, ஆன் செய்து, அவர்களையே திறக்கச் சொல்லுங்கள். கண்ணாடி இல்லாமலும் ஒருமுறை. அதில் தேறினால் மட்டும் பாஸ் போடுங்கள்.

யாராவது உங்களை ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டால் தாமதிக்காமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள். இதையும் மஞ்சள் பையில் எழுதி வையுங்கள்.

உங்கள் வீட்டுக் கணக்கு எத்தனை? ஒரு நாள் எண்ணிப் பார்த்துக் கீழே எழுதுங்கள். திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
மாடம்பாக்கம்.